பைக்குள்ள என்ன கிடக்கு?

கடந்த டிசம்பர் முதலாம் திகதி எங்கட பக்கத்தில் நடந்த எயிட்ஸ் தின நிகழ்வொன்றுக்கு நாங்கள் நாலு பேர் போனோம். ரெண்டு பேர் காரைதீவு, ஒராள் சாய்ந்தமருது, ஒராள் நிந்தவூர். நாலு பேரும் கலைப்பீடம். பெரிய சமூக அக்கறையில் போகவில்லை, வரவு எடுக்கிறார்கள் என்று சொன்னதால் போனோம். மங்கள விளக்கேற்றினார்கள், கிறாஅத் ஓதினார்கள், எல்லாருக்கும் சிவப்பு ரிபன் குத்தினார்கள். பாடசாலைப் பிள்ளைகள் நாடகம் போட்டார்கள். அதில் வெளிநாட்டுக்குப் போய்வந்த ஒருத்தன் இருமி இருமிச் செத்துப்போனான். பிறகு பேசியவர் 'தவறான பாதையில் செல்லாதீர்கள்' என்ற ஒரு வசனத்தை ஒரு மணித்தியாலத்துக்கு இழுத்தார். ஆணுறை என்ற சொல் ஒரேயொரு தடவை வந்தது. அதுவும் அது நூறு வீதம் பாதுகாப்பில்லை என்று சொல்வதற்காக.

பின்வரிசையில் ஒரு அண்ணா மடியில் கறுப்புப் பையை வைத்துக்கொண்டு இருந்தார். அழைப்பிதழில் அவர் வேலை செய்கிற திட்டத்தின் பெயர் இருந்தது. பேசுகிற ஆட்களின் பட்டியலில் அவர் பெயர் இல்லை. நிகழ்வு முடிந்து அவரும் நாங்களும் ஒரே பஸ்ஸில் வந்தோம். காரைதீவு முச்சந்தியில், அம்பாறை ரோட்டுப் பிரிகிற இடத்தில் இறங்கி, ஒரு கடையில் பிளேன்டி குடித்தோம்.

அவர் ஒரு களப்பணியாளர். ஆண்களோடு உறவு வைக்கும் ஆண்கள், திருநங்கைகள், பாலியல் தொழில் செய்யும் பெண்கள் இவர்களைத் தேடிப்போய்ச் சந்திக்கிறது, கதைக்கிறது, ஆணுறை கொடுக்கிறது, பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போகிறது அவருடைய வேலை. அந்த ஆட்களில் அவரும் ஒராள். அதனால்தான் அவரால் இந்த வேலையைச் செய்ய முடிகிறது. இதுக்கு மேல அவரைப் பற்றி எழுதமாட்டோம். அடையாளம் தெரியக்கூடிய எல்லாத்தையும் மாற்றியிருக்கிறோம். யாரெண்டு ஊகிச்சாலும் உங்களோட வச்சுக்கொள்ளுங்க.

பையைத் திறந்து காட்டச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. அவராகத்தான் திறந்தார். மேலே சோத்துப் பார்சல். அதுக்குக் கீழே மடித்த சாரம். சாரத்துக்குக் கீழே ஆணுறைப் பெட்டிகள், லூப்ரிகன்ட் பக்கெட்டுகள், கிளினிக்குக்கு அனுப்புகிற சின்னச் சின்னக் காட்டுகள்.

"சோறு எப்பவும் மேலதான் இருக்கோணும் தம்பி" என்றார். "பொலிஸ் திறந்தா முதல்ல கறி மணம்தான் வரோணும். மணம் வந்தா மூடிருவாங்க."

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

இதே ஊரில் இன்னொரு பையும் வீடு வீடாகப் போகிறது. எங்கட உம்மாமார், அம்மாமார் எல்லாருக்கும் தெரிந்த பை. மிட்வைஃப் அக்காவின் பை. குடும்பநல மாது கர்ப்பிணியைப் பார்க்க வருகிறார், குழந்தையை நிறுக்கிறார், குடும்பத்திட்டத்துக்கு மாத்திரை கொடுக்கிறார். அந்தப் பைக்குள் ஆணுறையும் இருக்கும். எந்தப் பொலிஸும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. எந்த மாமியும் அவரை வாசலோடு திருப்பி அனுப்புவதில்லை. இலங்கையின் சுகாதாரத்துறை உலகத்துக்கு மார்தட்டிச் சொல்கிற பெருமைகளில் பாதி இந்த அக்காமார் நடந்து நடந்து சேர்த்தது. 2019 டிசம்பரில், தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுவதை இல்லாமலாக்கிய நாடு என்று உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றிதழ் கொடுத்தது. கர்ப்பிணிகளைத் தேடிப்போய், கிளினிக்குக்குக் கொண்டுவந்து, இரத்தம் சோதித்து, தேவைப்பட்டவர்களுக்கு மருந்து கொடுத்ததால் நடந்தது அது. மேடையில் யாரும் கத்தியதால் நடந்ததல்ல.

ஆக, தேடிப்போவது வேலை செய்கிறது என்பது இந்த நாட்டுக்குப் புதுசாகச் சொல்லிக்கொடுக்க வேண்டிய விசயமில்லை. ரெண்டு பைக்குள்ளும் இருக்கிற சாமான் பெரும்பாலும் ஒன்றுதான். ரெண்டையும் அனுப்புவதிலும் அரசாங்கத்தின் கை இருக்கிறது. மிட்வைஃபுக்குச் சம்பளம் கொடுக்கிறது அரசாங்கம். இந்த அண்ணா போன்றவர்களின் வேலை தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் கீழ்தான் வருகிறது. நாட்டில் இந்த வேலைக்கான காசில் பெரும்பங்கை உலக நிதியம் கொடுக்க, குடும்பத்திட்டச் சங்கம் போன்ற அமைப்புகள் ஊடாக அது நடக்கிறது. ஒரு பைக்கு மரியாதை, மற்றப் பைக்குச் சோத்துப் பார்சல் மூடி. இந்த வித்தியாசத்தைப் பற்றித்தான் நாங்கள் எழுத நினைத்தோம்.

'இலங்கையில எச்.ஐ.வி குறைவுதானே, இதுக்கு ஏன் இவ்வளவு பாடு' என்று எங்கட வகுப்பிலேயே கேட்டார்கள். குறைவுதான். வளர்ந்தவர்களில் 0.1 வீதத்துக்கும் கீழே. ஆனா புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் 2021இல் சுமார் 400 பேர், 2022இல் 600க்கு மேல், 2023இல் 700ஐ நெருங்கியது. கொரோனாக் காலத்தில் பரிசோதனை குறைந்து, பிறகு கூடியதும் இதில் ஒரு பங்கு என்று நாங்களும் ஒத்துக்கொள்கிறோம். எப்படிப் பார்த்தாலும், குறைவாக இருக்கும்போதுதான் தடுப்பது இலேசு, மலிவு. வீடு முழுக்கப் பத்தினபிறகு வாளி தேடுகிற ஆட்களை நாங்கள் கெட்டிக்காரர் என்று சொல்வதில்லையே.

இடையில் ஒரு சொல்லைப் பற்றி. நிகழ்வில் ஒட்டியிருந்த போஸ்டரில் 'அதிக ஆபத்தான குழுக்கள்' என்று போட்டிருந்தது. தமிழில் அதை வாசித்தால் என்ன விளங்கும்? அந்த ஆட்களுக்கு ஆபத்து என்றா, அந்த ஆட்களால் ஆபத்து என்றா? எங்களில் மூன்று பேருக்கு ரெண்டாவதுதான் விளங்கியது. மொழிபெயர்த்தவர் கெட்ட எண்ணத்தில் செய்திருக்கமாட்டார். ஆனா ஒரு வேற்றுமை உருபு ஒரு சனத்தையே பாம்பு ஆக்கிவிடுகிறது. வைரஸுக்குக் குழு தெரியாது. ஆணுறை இல்லாத உறவு, பலர் பாவித்த ஊசி, சோதிக்காத இரத்தம், மருந்து எடுக்காத தாயின் கர்ப்பமும் பாலும். அதுக்குத் தெரிந்த வழிகள் இவ்வளவுதான். சில ஆட்களுக்கு ஆபத்துக் கூடுவது அவர்கள் யார் என்பதால் மட்டுமல்ல, அவர்கள் ஒளிக்க வேண்டியிருப்பதாலும்தான். ஒளிக்கிறவனுக்கு ஆணுறை வாங்க நேரமில்லை, கடையில் கேட்க வாயில்லை, ஒருத்தரைப் பழகிப் பார்க்க இடமில்லை.

ஒளிப்பது எங்கட ஊர்களில் எப்படி என்று அண்ணா சொன்னார். கல்முனையில் பாலியல் நோய்க் கிளினிக் இருக்கிறது. இலவசம், இரகசியம் காப்பார்கள். ஆனா கல்முனை ஆட்கள் அங்கே போகமாட்டார்களாம்.

"கல்முனையான் மட்டக்களப்புக்குப் போறான். மட்டக்களப்பான் கொழும்புக்குப் போறான். காரைதீவான் கல்முனைக்கு வந்து, வாசல்ல சொந்தக்காரன் ஒருத்தனக் கண்டு, பல்லுக் கொதிக்கெண்டு சொல்லிப்போட்டுத் திரும்பிப் போறான். எல்லாரும் ஒரு ஊர் தள்ளித்தான் சோதிக்கப் போறாங்க. ஒரு ஊர் தள்ளிப் போக ஒருநாள் லீவு வேணும், பஸ் காசு வேணும், வீட்டுக்குச் சொல்லப் பொய் வேணும். மூண்டும் ஒண்டா வாற நாள் வருசத்தில எத்தின வரும் சொல்லுங்க?"

அந்த மூன்றில் ஒன்றையாவது குறைப்பதுதான் அவர் வேலை. கூடப் போகிறார். வாசலில் நிற்கிறார். முடிவு வரும்வரை ஃபோன் எடுக்கிறார். தொற்று இருந்தால் அன்றைக்கு ராத்திரி அந்தப் பொடியனைத் தனிய விடாமல் இருக்கிறார். இதை எந்த வைத்தியரும் செய்ய ஏலாது. வைத்தியர் நல்லவராக இருந்தாலும் ஏலாது, ஏனென்றால் அந்தப் பொடியன் வைத்தியரிடம் வரவே மாட்டான். தன்னைப் போல ஒராள் வந்து 'நானும் போனான், ஒண்டும் நடக்கல்ல, வா' என்றால்தான் வருவான்.

ஒளிக்கிற ஆட்களைக் கோழைகள் என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. 2016இல் குளியாப்பிட்டியில் நடந்தது ஞாபகமிருக்கும். ஒரு ஆறு வயசுப் பிள்ளைக்கு எச்.ஐ.வி என்று ஊரில் கதை கிளம்ப, பாடசாலைகள் அவனைச் சேர்க்க மறுத்தன. ஒரு பாடசாலை சேர்த்தபோது மற்றப் பெற்றோர்கள் தங்கட பிள்ளைகளை நிற்பாட்டினார்கள். அந்தப் பிள்ளைக்கு எச்.ஐ.வி இருக்கவேயில்லை. கடைசியில் கண்டி திரித்துவக் கல்லூரி இடம் கொடுத்தது, விசயம் உயர் நீதிமன்றம்வரை போனது. இருந்திருந்தாலும் வகுப்பில் பக்கத்தில் இருப்பதால் ஒருவருக்கும் தொற்றாது என்பது வேறு கதை. ஆறு வயசுப் பிள்ளைக்கு, வெறும் கதைக்கு, இப்படியென்றால் இருபத்தாறு வயசுக்காரன் ஒருத்தனுக்கு எங்கட ஊர் என்ன செய்யும் என்று யோசியுங்கள்.

ஊரின் வாயை மூட ஒருத்தராலும் ஏலாது. சட்டத்தை மாற்றலாமே. அங்கேதான் எங்களுக்குக் கோபம் வந்தது.

அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் 1841. தண்டனைச் சட்டக்கோவை 1883. விபசார விடுதிகள் கட்டளைச் சட்டம் 1889. எங்கட விபுலானந்த அடிகள் காரைதீவில் பிறந்தது 1892. மூன்று சட்டமும் அவரைவிட மூத்தது. முதலாவது, இலங்கையில் அடிமைமுறை ஒழிவதற்கே மூன்று வருசம் முந்தினது. ரோட்டில் நிற்கிற ஒரு பெண்ணை, ஒரு திருநங்கையை 'சும்மா நிற்கிறாய்' என்று பிடிக்க இன்றைக்கும் அது போதும். தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் ஒரே பாலாருக்கு இடையிலான உறவைக் குற்றமாக்குகின்றன. 1995இல் திருத்தினார்கள். எடுத்துவிடுவதற்கல்ல, ஆண்களுக்கு மட்டும் இருந்ததைப் பெண்களுக்கும் சேர்த்து விரிப்பதற்கு. சமத்துவத்தை இப்படியும் கொடுக்கலாம் என்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். 2023 மே மாதம், இந்தப் பிரிவுகளை மாற்றும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதுக்குப் பிறகும் பாராளுமன்றம் அதை நிறைவேற்றவில்லை.

ஆணுறை வைத்திருப்பது குற்றம் என்று இந்த நாட்டில் ஒரு சட்டமும் இல்லை. ஆனா பாலியல் தொழிலாளர்களோடு வேலை செய்கிற அமைப்புகள் வருசக் கணக்காகச் சொல்லி வருவது, பையில் ஆணுறை இருந்ததையே காரணமாக வைத்துப் பிடிக்கிறார்கள் என்பது. இதன் விளைவு என்ன? பயத்தில் அந்தப் பெண் ஆணுறை வைத்திருப்பதை விட்டுவிடுகிறாள். சுகாதார அமைச்சு காலையில் கொடுத்ததைப் பொலிஸின் பயம் பின்னேரம் எடுத்துவிடுகிறது. ரெண்டுக்கும் சம்பளம் எங்கட வரியில்.

இது இலங்கைக்கு மட்டும் உரிய விசரில்லை. தமிழ் பேசுகிற இன்னொரு ஊரில் இந்தக் கதை நாற்பது வருசம் முந்தியே நடந்தது.

1986, சென்னை. இந்தியாவில் எச்.ஐ.வி இருக்கிறது என்று அதுவரை ஒருவருக்கும் தெரியாது. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா என்ற மாணவிக்குப் பேராசிரியர் சுனிதி சாலமன் கொடுத்த ஆய்வுத் தலைப்பு அது. நிர்மலாவுக்குப் பாலியல் தொழில் செய்யும் பெண்களை எங்கே தேடுவதென்றே தெரியவில்லை. பம்பாய் போல ஒரு தனித்தெரு சென்னையில் இல்லை. கடைசியில் பொலிஸ் பிடித்து வைத்திருந்த பெண்கள் இருக்கும் அரசு விடுதிக்குப் போய் இரத்தம் எடுத்தார். ஐஸ் பெட்டியில் வைத்து ராத்திரி ரயிலில் வேலூருக்குக் கொண்டுபோய் சி.எம்.சி வைத்தியசாலையில் சோதித்தார்கள். ஆறு பேருக்குத் தொற்று இருந்தது. இந்தியாவின் முதல் எச்.ஐ.வி கண்டுபிடிப்பு அதுதான். பீடத்தில் ஆய்வுக்குத் தலைப்புக் கிடைக்கவில்லை என்று அழுகிற எங்களுக்கு இந்தக் கதை நல்ல மருந்து.

ஆனா நாங்கள் நின்று யோசித்தது அந்தப் பெண்களைப் பற்றி. அவர்கள் இரத்தம் கொடுத்தார்கள், நாடு விழித்தது, அவர்களுக்குக் கிடைத்தது என்ன? தொற்று இருக்கிறது என்று தெரிந்த பெண்களைத் தண்டனைக்காலம் முடிந்தபிறகும் விடுதியில் அடைத்து வைத்தார்கள். சியாமளா நடராஜ் என்ற பத்திரிகையாளர் வழக்குக்குப் போய், 1990இல் சென்னை உயர் நீதிமன்றம் விடச் சொன்னபிறகுதான் வெளியே வந்தார்கள். அவர் பிறகு தென்னிந்திய எயிட்ஸ் செயற்திட்டம் என்ற அமைப்பைத் தொடங்கி, அந்தப் பெண்களோடேயே வேலை செய்தார். பூட்டி வைப்பது நோயை நிற்பாட்டவில்லை. பரிசோதனைக்குப் போனால் பூட்டிவிடுவார்கள் என்ற செய்தியைத்தான் ஊருக்குப் பரப்பியது.

பிறகு 2001 ஜூலை, லக்னோ. ஆண்களோடு உறவுவைக்கும் ஆண்களுக்கு எச்.ஐ.வி தடுப்பு வேலை செய்த ரெண்டு அமைப்புகளின் அலுவலகங்களில் பொலிஸ் புகுந்து பணியாளர்களைப் பிடித்தது. அவர்கள் கொடுத்த ஆணுறைகளும், விளக்கப்படங்களும் குற்றத்துக்குச் சான்று ஆகின. ஒன்றரை மாதம் உள்ளே இருந்தார்கள். எங்கட 365க்கு அண்ணன் முறையான இந்தியாவின் 377க்கு எதிராக நாஸ் ஃபவுண்டேஷன் அதே வருசம் டில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அவர்கள் எடுத்துவைத்த முக்கியமான வாதம், இந்தச் சட்டம் எச்.ஐ.வி தடுப்பு வேலையைச் செய்யவிடாமல் கெடுக்கிறது என்பதே. அந்த வழக்கில் இந்திய அரசாங்கத்தின் உள்துறை அமைச்சு சட்டம் வேண்டும் என்றது. அதே அரசாங்கத்தின் எயிட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு, இந்தச் சட்டத்தால் ஆட்கள் ஒளிக்கிறார்கள், எங்களால் போய்ச் சேர முடியவில்லை என்று சத்தியக்கடதாசி கொடுத்தது. ஒரே அரசாங்கம், ஒரே நீதிமன்றம், ரெண்டு வாய். 2009இல் வென்று, 2013இல் தோற்று, 2018 செப்டெம்பரில்தான் அது முடிந்தது.

பொலிஸ் பயம் குறைந்தால் என்ன நடக்கும் என்பதையும் இந்தியாவிலேயே பார்க்கலாம். 1992இல் கல்கத்தா சோனாகாச்சியில் வைத்தியர் ஸ்மரஜித் ஜனா தொடங்கிய திட்டத்தில், பாலியல் தொழில் செய்த பெண்களே பணியாளர்கள். பச்சைக் கோட் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். போகப்போக அவர்கள் சொன்னது, எங்களுக்கு ஆணுறை தெரியாமலில்லை, ஆணுறை வேண்டாம் என்கிற வாடிக்கையாளரை விரட்டினால் வட்டிக்காரனுக்கு என்ன பதில் சொல்கிறது என்பது. 1995இல் சொந்தச் சங்கமும் கூட்டுறவு வங்கியும் தொடங்கினார்கள். ஆணுறைப் பாவனை கூடியது. விழிப்புணர்வுப் பேச்சால் தீராத ஒன்று சேமிப்புப் புத்தகத்தால் தீர்ந்திருக்கிறது. எங்கட டிசம்பர் மாதப் பேச்சாளர்கள் யாராவது இதை வாசித்தால் நல்லது.

இப்போது சமயத்துக்கு வருகிறோம். வராமல் இருந்தால் நாங்கள் இந்த ஊர்ப் பிள்ளைகள் இல்லை. 'ஹராமுக்கு உதவி செய்றீங்களா?' என்று சாய்ந்தமருது நண்பனின் காக்கா கேட்டார். காரைதீவில் 'இது நம்மட கலாசாரமா?' என்று கேட்டார்கள். கேள்வி ரெண்டு, அர்த்தம் ஒன்று. எங்கட பதில் இது. மௌலவியோ குருக்களோ ஒன்றைச் சரி என்று சொல்ல வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. அவர்களின் வேலை அவர்களுக்கு. ஒரு மனிசன் செத்துப்போகாமல் இருக்கட்டும் என்று மட்டும் கேட்கிறோம், திருந்துகிறவனும் உயிரோடு இருந்தால்தானே திருந்துவான். மலேசியாவில் 2010இல் கோலாலம்பூர்ப் பள்ளிவாசல் ஒன்றிலேயே போதைக்கு அடிமையானவர்களுக்கு மெதடோன் மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். ஈரானில் அலாயி சகோதரர்கள் என்ற ரெண்டு வைத்தியர்கள் கெர்மான்ஷாவில் தொடங்கிய கிளினிக்குகளில் ஊசி ஏற்றுகிறவர்களுக்கும் எச்.ஐ.வி உள்ளவர்களுக்கும் ஒரே கூரையில் வைத்தியம் நடந்தது. அதை அரசாங்கமே நாடு முழுக்க விரித்தது. பிறகு 2008இல் அதே அரசாங்கம் அந்தச் சகோதரர்களைச் சிறையில் போட்டது, வேறு குற்றம் சாட்டி. கொடுக்கிற கையும் பிடிக்கிற கையும் எல்லா நாட்டிலும் ஒரு உடம்பில்தான் இருக்கிறது போல.

'அவங்கட வருத்தம் அவங்களோட' என்று நினைக்கிறவர்களுக்கு நாமக்கல் கௌசல்யாவின் கதை. லொறி ஓட்டுகிற சொந்தக்காரரை 1995இல் கட்டிவைத்தார்கள். தொற்று இருப்பது மாப்பிள்ளைக்குத் தெரியும், பெண்ணுக்குத் தெரியாது. அவர் ஒரு பிழையும் செய்யவில்லை, ஊர் சொன்னபடி கல்யாணம் முடித்தார். 1998இல் இன்னும் மூன்று பெண்களோடு சேர்ந்து, எச்.ஐ.வி உள்ள பெண்களுக்கான அமைப்பைத் தொடங்கினார். எங்கட ஊர்களிலும் கல்யாணத்துக்குள் தள்ளிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பொடியன்மாரைத் தள்ளுகிறார்கள். ஒளித்த ஒருத்தனுக்குப் பின்னால் ஒளிக்கத் தெரியாத ஒருத்தி வருகிறாள். கல்யாணத்துக்கு முந்தி ஒரு இரத்தப் பரிசோதனை போதும் என்பவர்களுக்கு: அது அன்றைய இரத்தத்தை மட்டும் சொல்லும், நாளையை அல்ல. புதுத் தொற்று சில வாரங்களுக்குப் பரிசோதனையில் பிடிபடாமலும் போகும்.

மருந்து இப்போது எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பதும் அந்த மேடையில் வரவில்லை. அரச கிளினிக்குகளில் சிகிச்சை இலவசம். மருந்தை ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உறவு மூலம் தொற்றாது. தொற்று வராமல் முன்கூட்டியே எடுக்கிற மாத்திரையும் இலங்கையில் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். நாடகத்தில் இருமிச் செத்தவன் இன்றைக்கு இருந்தால் மாத்திரை போட்டுவிட்டு வேலைக்குப் போயிருப்பான்.

நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஆணுறையைச் சான்றாக எடுக்கக்கூடாது என்று ஒரு சுற்றறிக்கை எல்லாப் பொலிஸ் நிலையத்துக்கும் போகட்டும். களப்பணியாளருக்கு மிட்வைஃபுக்கு இருப்பதைப் போல ஒரு அடையாள அட்டை இருக்கட்டும், அதில் நோயின் பெயர் இல்லாமல். 1841ஐயும் 365ஐயும் பாராளுமன்றம் பார்த்துக்கொள்ளட்டும், எங்கட தொகுதி எம்.பி.மார் அதுக்குக் கை தூக்குவார்களா என்று நாங்கள் கேட்டுக்கொண்டே இருப்போம். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிற்பாட்டியதும் பல நாடுகளில் கிளினிக்குகள் மூடின. வெளிநாட்டுக் காசு சுருங்கினால் முதலில் வெட்டுப்படுவது கட்டடமோ வாகனமோ அல்ல, இந்த அண்ணாவின் சம்பளம். அப்படி ஒரு நாள் வந்தால் யார் கொடுப்பது என்று இப்போதே கேட்க வேண்டியிருக்கிறது.

பிளேன்டி முடிந்தபிறகு அண்ணா ஒன்று கேட்டார். கல்முனையில் ஒராளிடம் நாலு பெட்டி கொடுக்க வேண்டும். அன்றைக்கு ரோட்டில் சோதனை கூட. "கெம்பஸ் பையை ஒருத்தரும் திறக்கமாட்டாங்க. நீங்க அந்தப் பக்கந்தானே போறீங்க?"

நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். இவ்வளவையும் கேட்டு, இவ்வளவுக்கும் தலையாட்டிய நாலு பேரும். ஒருத்தனுக்கு வாப்பாவின் கடை ஞாபகம் வந்தது. ஒருத்திக்கு வீட்டில் தினமும் பையை எடுத்து வைக்கிற அம்மா. ஒருத்தன் 'அடுத்த கிழமை' என்று தொடங்கினான். அண்ணா உடனே "பரவாயில்ல, பரவாயில்ல" என்று பையை மூடினார். பழகின ஆள் மாதிரி, கோபமே இல்லாமல் மூடினார். சாரம், அதுக்கு மேல சோறு.

அவர் பஸ் ஏறிப் போய்விட்டார். அந்த நாலு பெட்டியை நாங்கள் எடுத்தது அடுத்த கிழமைதான், ரெண்டு பேர், ஆளுக்கு ரெண்டு. சாய்ந்தமருது தாண்டும்வரை ஒரு கதையும் கதைக்கவில்லை. பையை ஒருத்தரும் திறக்கவில்லை. மற்ற ரெண்டு பேரும் இன்னும் யோசிக்கிறார்கள்.